கிணற்றில் எண்ணெய்ப் படலம்: நீர்மட்டமா, எண்ணெய் ரேகையா?

காரைக்குடியில் எங்கள் தெருக் கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதக்கத் தொடங்கியபோது, அது தெருமுனைப் பெட்ரோல் பங்க்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்து வருகிறதா, பின்புறத்து லாரிப் பட்டறையின் கழிவு ஆயில் குழியிலிருந்து வருகிறதா என்று கண்டறிய இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சுற்றுவட்டக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து நீரோட்டத்தின் திசையைக் கணிப்பது. மற்றொன்று, கலவையிலுள்ள சேர்மங்களைத் தனித்தனியே பிரித்து அடையாளம் காட்டும் ஜிசி-எம்எஸ் கருவியில் எண்ணெயையே பகுத்து, அதன் ரேகையை, அதாவது கைரேகைபோல் அந்த எண்ணெய்க்கே உரிய சேர்ம அமைப்பைப் பார்ப்பது. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். இன்றும் அதையே பரிந்துரைப்பேன்.

நீர்மட்ட அளவீட்டுக்குச் செலவு குறைவு. வீட்டுக்கு வீடு கிணறு உள்ள செட்டிநாட்டில், மூன்று கிணறுகளைப் பொது மட்டம் ஒன்றிலிருந்து அளந்தாலே சரிவு புலப்பட்டுவிடும். ஆனால் பக்கத்து வீட்டுப் போர் மோட்டார் ஓடினால் நீர் அந்தப் பக்கம் இழுபடும். செம்புறாங்கல்லின் இடுக்குகளில் அது நேர்கோட்டில் செல்வதும் இல்லை. பெட்ரோலில் உள்ள நச்சுச் சேர்மமான பென்சீனின் அளவை மட்டும் பார்க்கும் சோதனையோ, உலக சுகாதார நிறுவனம் குறித்த லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரம்பைத் தண்ணீர் தாண்டியதா என்று சொல்லுமேயன்றி, யாருடைய எண்ணெய் என்று சொல்லாது.

ரேகை முறையில் முடிவைத் தீர்மானிப்பது, மண்ணில் நாட்பட்டபின் எது எஞ்சுகிறது என்பதே. இலேசான சேர்மங்கள் ஆவியாகிவிடும். பென்சீன் நீரில் கரைந்து முன்னே சென்றுவிடும். நேர்ச்சங்கிலி ஆல்கேன்களை (கிளையின்றி நீளும் ஹைட்ரோகார்பன்களை) நுண்ணுயிர்கள் முதலில் தின்றுவிடும். கிளைகள் கொண்ட ஆல்கேனான பிரிஸ்டேன் அவற்றைவிடத் தாமதமாகச் சிதைவதால், பதினேழு கார்பன் ஆல்கேனுக்கும் அதற்கும் உள்ள விகிதம் டீசலின் சிதைவைக் காட்டும். இவற்றையெல்லாம் விஞ்சி நிற்பவை, பல கார்பன் வளையங்கள் கொண்ட, எளிதில் சிதையாத சேர்மங்களான ஹோப்பேன்கள். கொதிநிலை மிக உயர்ந்த அவை, கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது பெட்ரோலோடு வருவதில்லை, டீசலிலும் அரிது. இன்ஜின் ஆயில் போன்ற மசகு எண்ணெயிலேயே தங்கிவிடுகின்றன. எங்கள் மாதிரியில் அவை தெளிவாகத் தெரிந்தன. பட்டறைக் குழியில் எடுத்த எண்ணெயின் வரைபடத்தோடும் பொருந்தின. தனியே செய்த உலோகச் சோதனையில், இன்ஜின் ஆயிலில் சேர்க்கப்படும் துத்தநாகமும் கிடைத்தது. (துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு வாளியால் அள்ளியிருந்தால் இந்தச் சான்று செல்லாது.)

மாதிரி எடுப்பதில்தான் கவனம் வேண்டும். ஹோப்பேன்கள் நீரில் ஏறக்குறைய கரைவதே இல்லையாதலால், அடித்தண்ணீரை இறைத்துக் கொடுப்பதில் பயனில்லை. மேலே மிதக்கும் படலத்தையே கண்ணாடிப் புட்டியில் வழித்தெடுக்க வேண்டும். பிளாஸ்டிக் கேன் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பென்சீனுக்கான தண்ணீரைக் குமிழியே இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும்.

கார்பன் ஐசோடோப்புகளின் (எடை வேறுபட்ட கார்பன் அணுக்களின்) விகிதத்தைக் கொண்டு மூலத்தைப் பிரித்தறியும் முறையும் உண்டு. நாங்கள் அதைச் செய்து பார்க்கவில்லையாதலால் அதுபற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எங்களுக்கு ரேகை உதவியதற்கும், சந்தேகத்துக்குரிய எண்ணெய்கள் வெவ்வேறு வகையாக இருந்ததே காரணம். ஒரே சுத்திகரிப்பு ஆலையிலிருந்து சரக்கு எடுக்கும் இரண்டு பங்க்குகளுக்கு இடையே வழக்கென்றால் ரேகை பெரிதும் கைவிட்டுவிடும். அங்கே விடியற்காலையில், மோட்டார்கள் ஓடத் தொடங்குமுன் நீர்மட்டத்தை அளப்பதும், ஒவ்வொரு தொட்டியின் அளவுகோல் கணக்கை விற்பனைப் பதிவேட்டோடு ஒப்பிடுவதுமே வழி.