‘ஒரிஜினல் டங் ஆயில்’ என்று 4,650 ரூபாய்க்கு மெஷின் எண்ணெய்: துப்பாக்கிக் கட்டைக்குப் பாலிஷ் போட நினைப்பவர்கள் படிக்கவும்

4,650 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு விற்றவரிடமிருந்து, “இந்தச் சின்ன அமவுண்டுக்கா சார் இத்தனை மெசேஜ்?” என்று பதில் வந்தது. சின்ன அமவுண்டு என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே?

என்னிடம் இருப்பது ஒரு பழைய ஏர் ரைபிள். குழல் அளவு .177 அங்குலம், குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூலுக்கு உட்பட்டது, லைசன்ஸ் தேவைப்படாத வகை. சித்தப்பா வைத்திருந்தது, ஜெர்மன் தயாரிப்பு, கட்டை, அதாவது தோளில் வைத்துப் பிடிக்கிற மரப்பகுதி, பீச் மரம். வீடு மண்டைக்காட்டுப் பக்கம், கடல் இரைச்சல் கேட்கும் தூரம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. நடுவில் உப்புக்காற்று. பீச் மரத்துக்கு இந்த ஊர் ஒத்துக்கொள்ளாது. ஈரத்தைக் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கும். கட்டை அசைந்தால் முன்பக்க ஸ்க்ரூக்கள் தளரும், போன வாரம் குறி அட்டையின் நடுவில் விழுந்த பெல்லட் (ஈயக் குண்டு) இந்த வாரம் ஓரத்தில் விழும். பழைய வார்னிஷ் உரிந்து, கை பிடிக்கும் இடம் கறுத்துப் போயிருந்தது. அதனால் வீட்டிலேயே முழுசாகச் சுரண்டி, மழைக்குத் தாங்குகிற மாதிரி எண்ணெய் ஏற்றலாம் என்று இறங்கினேன்.

மர வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பின்னால் பழி அங்கேதான் போட்டார்கள். ஸ்க்ரூ கழற்றி இரும்பைத் தனியாக எடுத்து வைத்தேன். வார்னிஷை நம் ஆசாரிமார் செய்கிற மாதிரி கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். அடிபட்டுக் குழிந்த இடங்களில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால் நார் உப்பி மேலே வரும். முக்கால்வாசிக் குழி அப்படியே மறைந்தது. 120 உப்புத்தாளில் ஆரம்பித்து 180, 240, 320 என்று ஏறினேன். கடைசியில் ஈரத்துணியால் துடைத்து, எழும்பி நிற்கிற நாரை மறுபடி தேய்த்தேன். கட்டை கையில் வழுக்கியது. ரேகை ஒவ்வொன்றும் தெரிந்தது. அந்தக் கட்டையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

எண்ணெய்தான் பாக்கி. வீடியோ போட்டே பொருள் விற்கிற ஒரு செயலியில் ‘கன் ஸ்டாக் கிட்’ என்று ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். டங் ஆயில் (மரத்தில் பூசினால் காய்ந்து கெட்டியாகும் கொட்டை எண்ணெய்) பாட்டில், துணி, உப்புத்தாள் எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய். வாங்குவதற்கு முன் நம்பருக்குக் கூப்பிட்டேன். அந்த ஆள் பொருளைப் பற்றி எடுத்த எடுப்பில் பேசவே இல்லை. “என்ன மரம் அண்ணா?” என்றுதான் கேட்டார். பீச் என்றதும், “அப்ப ஸ்டெயின் அடிக்காதீங்க, திட்டுத்திட்டா பிடிக்கும்” என்றார். அது உண்மை. பீச்சில் கறை ஒரே சீராக ஏறாது. “பின்பக்க ரப்பர் பேடைக் கழற்றிட்டு அந்த வெட்டு முகத்துக்கு எண்ணெய் நிறையக் கொடுங்க, ஈரம் அந்த வழியாத்தான் ஏறும்” என்றார். அதுவும் உண்மை. போட்டோ அனுப்பச் சொல்லி, பார்த்து, சிரித்து, “நல்லா தேய்ச்சிருக்கீங்க அண்ணா” என்று பாராட்டினார். அரை மணி நேரம் பேசியிருப்போம். வேலை தெரிந்த ஆள்தான். சந்தேகப்பட ஒரு சொல் வரவில்லை.

ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். “கடல் பக்கமா? அப்ப எண்ணெய் மட்டும் பத்தாது அண்ணா, மேல மரைன் சீலர் போட்டே ஆகணும், ராணுவத் துப்பாக்கிக்குப் போடுறது” என்று இன்னொரு டப்பாவைச் சேர்த்தார். 2,400 அப்படித்தான் 4,650 ஆனது. செயலியிலேயே ஆர்டர் போட்டு, செயலியிலேயே பணம் கட்டினேன். வெளியே ஜி-பே, போன்-பே எதுவும் கிடையாது.

பார்சல் சீக்கிரம் வந்தது. பாட்டிலில் பளபளவென்று ஆங்கில ஸ்டிக்கர். தயாரிப்பாளர் பெயர் இல்லை, முகவரி இல்லை, எம்.ஆர்.பி. இல்லை, தேதி இல்லை. பொட்டலப் பொருள் எதிலும் சட்டப்படி இவை எல்லாம் இருக்க வேண்டும். கேட்டதற்கு, “இம்போர்ட் பண்ணி நாமளே பாட்டில் பண்றோம் அண்ணா” என்றார்.

அவர் சொன்ன முறைப்படியே மெல்லியதாகத் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்தேன். காயவில்லை. ‘மழைக்காலம் அண்ணா, டைம் எடுக்கும்’ என்றார். சரிதான், ஈரக் காற்றில் எந்த எண்ணெயும் மெதுவாகத்தான் காயும். பொறுத்தேன். வெயில் வந்தது. அப்போதும் விரல் வைத்தால் வழவழ. ‘மேல சீலர் அடிங்க, பூட்டிக்கும்’ என்றார். அடித்தேன். தின்னர் வாடை தலையைச் சுற்றியது. மறுநாள் மேல்படலம் சுருங்கி, நகத்தால் தூக்கினால் பால் ஆடை மாதிரி உரிந்து வந்தது. அடியில் எண்ணெய் அப்படியே ஈரமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் பேச்சு மாறியது. முதலில் ‘உங்க மரத்துல பழைய மெழுகு இருந்திருக்கும்’. அப்புறம் ‘உப்புத்தாள் சரியா போடலை’. நல்லா தேய்ச்சிருக்கீங்க என்று சொன்ன அதே வாய்! அப்புறம் ‘பீச் மரத்துக்கு இது செட் ஆகாது’. வாங்கும்போது மரம் எது என்று கேட்டது யார்? ஆடியோ அனுப்பினால் கேட்பதில்லை. கூப்பிட்டால் ‘மீட்டிங்ல இருக்கேன்’. கடைசியில் அந்தச் சின்ன அமவுண்டு மெசேஜ், அதோடு பிளாக்.

எங்கள் தெருவில் ஒரு வயசான ஆசாரி இருக்கிறார். குளச்சல் பக்கம் வள்ளம் (மரப் படகு) கட்டியவர். பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார், இரண்டு விரலில் தேய்த்தார். “இது மெஷினுக்கு விடுத எண்ணெய்லா மக்கா. வருசம் முழுக்க வெயில்ல வச்சாலும் காயாது” என்றார். அந்தக் காலத்தில் வள்ளத்துக்கு அண்டி ஆபீஸிலிருந்து, அதாவது முந்திரி ஆலையிலிருந்து, முந்திரித் தோட்டு எண்ணெய் வாங்கிப் பூசுவார்களாம், கை பட்டால் தோல் வெந்துபோகும், ஆனால் தண்ணீர் நுழையாது என்றார். (அதைத் துப்பாக்கிக் கட்டைக்குப் பூசிவிடாதீர்கள், கன்னம் வைக்கிற இடம்.)

அவர் சொன்னதை அப்படியே நம்பாமல் நானும் சோதித்தேன். கோட்டாறில் பெயிண்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) சின்ன டின் வாங்கி, ஒரு கண்ணாடித் துண்டில் அது நாலு சொட்டு, பக்கத்தில் கிட் விற்றவன் பாட்டிலிலிருந்து நாலு சொட்டு. ஆளிவிதை எண்ணெயும் உண்மையான டங் எண்ணெயும் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துப் பின்னிக்கொண்டு கெட்டியாகும். பெட்ரோலிய எண்ணெய்க்கு அந்தக் குணமே கிடையாது. லின்சீட் தோல் கட்டியது. இவன் எண்ணெய் ஊற்றிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. போட்டோ எடுத்துச் செயலிக்கு அனுப்பினேன்.

செயலியின் பதில்: ‘உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம். திறக்கப்பட்ட ரசாயனப் பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை.’ திறக்காமல் எப்படி ஐயா தெரியும் காயுமா காயாதா என்று? மறுபடி எழுதினால் அதே வரி, வேறு பெயரில். புகாரை ‘தீர்க்கப்பட்டது’ என்று அவர்களே மூடினார்கள். விமர்சனம் எழுதினேன், அது ஒரு இரவு கூட நிற்கவில்லை. 4,650 ரூபாய் போனது ஒரு பக்கம். மரத்துக்குள் இறங்கிய எண்ணெயை வெளியே எடுக்கத் தின்னரும் சாக் பவுடரும் குழைத்துப் பூசி, காயவிட்டு, உதிர்த்து, மறுபடி பூசிக்கொண்டிருக்கிறேன். உள்ளே எண்ணெய் இருக்கிறவரை மேலே எதுவும் பிடிக்காது.

கட்டைக்கு எண்ணெய் ஏற்றுவது எப்படி என்று படிப்படியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனசு இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: எந்த எண்ணெயையும் முதலில் கண்ணாடியில் விட்டுப் பாருங்கள், தோல் கட்டினால்தான் மரத்துக்கு. முகவரியும் எம்.ஆர்.பி.யும் இல்லாத பாட்டில் வந்தால் திறக்காமல் திருப்பி அனுப்புங்கள், பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ‘ராணுவம்’, ‘மரைன்’ என்று சொன்னால் லேபிளில் என்ன சரக்கு என்று எழுதியிருக்கிறது எனக் கேளுங்கள். அரக்குப் பாலிஷ் மழைக்கு ஆகாது, தண்ணீர் பட்டால் வெளுக்கும். இன்னொன்று, இது விளையாட்டில்லை: லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தாயிற்று. ஆன்லைன் விற்பனைக்கான 2020 விதிகளின்படி செயலியின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். நகரவில்லை என்றால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம்தான். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

அந்த ஆள் நேற்றுக்கூடப் புது வீடியோ போட்டிருக்கிறார், அதே பாட்டில், அதே ஸ்டிக்கர். இதே கிட் வாங்கி ஏமாந்தவர்கள் பில்லும் பாட்டில் போட்டோவும் இருந்தால் எனக்கு மெசேஜ் அனுப்புங்கள், என் புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.