ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ரேஞ்சர்: தொட்டி காலியாக இருக்கும் நாளும் நிறைந்திருக்கும் நாளும்

நடுத்தரப் பிக்கப் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனையும் இழுவைத் திறனையும் அட்டவணையில் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். அட்டவணையில் டொயோட்டா ஹைலக்ஸ், இசுஸு டி-மேக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர் ஆகிய மூன்றும் உடன்பிறப்புகள் போலத்தான் தெரியும். மூன்றும் ஏணி வடிவ இரும்புச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. ரேஞ்சரின் ராப்டர் போன்ற தனி வகைகளை விட்டுவிட்டால் மூன்றுக்கும் பின்னால் லீஃப் ஸ்பிரிங், அதாவது அடுக்கிய எஃகுப் பட்டைகள். மூன்றும் ஏறத்தாழ ஒரு டன் சுமக்கும். டீசல் மாடல்கள் பலவும் பிரேக் உள்ள டிரெய்லரை 3,500 கிலோ வரை இழுக்கும். வேறுபாடு புரிவது வண்டி வீட்டுக்கு வந்து சில மாதங்கள் ஓடிய பிறகுதான். பின்னால் சுமை ஏற்றும் தொட்டி காலியாக ஓடும் நாட்கள் எத்தனை, நிறைந்து ஓடும் நாட்கள் எத்தனை என்ற கணக்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

காலி ஓட்டத்திலிருந்தே தொடங்கலாம். ஒரு டன்னைத் தாங்குவதற்காக அடுக்கப்பட்ட பட்டைகள், மேலே எதுவும் இல்லாதபோது வளைய மறுப்பதால், சாலையில் உள்ள சிறு ஒட்டுகூடப் பின்னிருக்கையில் இருப்பவரின் முதுகுத்தண்டுக்கு நேராகப் போய்ச் சேருகிறது. 2015-இல் வந்த எட்டாம் தலைமுறை ஹைலக்ஸில் இது நன்றாகவே தெரியும். டி-மேக்ஸில் சற்றுக் குறைவு. 2022-இல் வந்த ரேஞ்சரில் பின் ஷாக் அப்சார்பர்களைச் சட்டத்துக்கு வெளியே, சக்கரங்களுக்கு அருகில் நகர்த்தியிருக்கிறார்கள். முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரமான சக்கர இடைத்தூரமும் 3,270 மி.மீ. ஆக நீண்டிருக்கிறது. ஹைலக்ஸுக்கு இது 3,085 மி.மீ., டி-மேக்ஸுக்கு 3,125 மி.மீ. நீண்ட வண்டி குலுங்குவது குறைவு என்பதோடு, குறுகிய சந்தில் திரும்பும்போது அதே நீளம் எதிரியாகிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வண்டி நிறுத்தும்போது ஸ்டீயரிங் எடை இன்னொரு வேறுபாடு: ரேஞ்சரிலும் 2019-க்குப் பிந்தைய டி-மேக்ஸிலும் மின்சார உதவி உண்டு, எட்டாம் தலைமுறை ஹைலக்ஸில் ஹைட்ராலிக் அமைப்பு என்பதால் ஊர்ந்து திரும்பும்போது தோள்பட்டைக்குக் கொஞ்சம் வேலை இருக்கும்.

குலுக்கலுக்கு நான் கண்ட மருந்துகள் இரண்டு. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் குறைந்த சுமைக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று என டயர் காற்றழுத்தம் தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்தால், அதை மதித்து இரண்டுக்கும் மாற்றிக்கொள்வது முதலாவது. பலர் முழுச் சுமைக்கான காற்றை அடைத்துவிட்டு ஆண்டு முழுவதும் காலியாக ஓட்டிக்கொண்டு, ஸ்பிரிங்கைத் திட்டுகிறார்கள். மழைக்காலத்தில் நான்கு மணல் மூட்டைகளைப் பின் ஆக்சிலுக்கு மேலே வைத்து இறுகக் கட்டிவிடுவது இரண்டாவது. நூறு கிலோவுக்குச் சற்று மேல் ஏறியதும் வண்டி வேறொரு வண்டியாகவே நடந்துகொள்ளும்.

ஈரச் சாலையில் அந்த எடைக்கு வேறொரு பயனும் உண்டு. ஹைலக்ஸ், டி-மேக்ஸ் இரண்டிலும் பெரும்பாலான மாடல்களில் நான்கு சக்கர இயக்கம் தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் வகை. முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாததால், இறுகிய உலர்ந்த தார்ச்சாலையில் 4எச் எனப்படும் நான்கு சக்கர நிலையில் ஓட்டக் கூடாது. பாதி நனைந்து பாதி காய்ந்த சாலையில் வேறு வழியின்றிப் பின் சக்கர இயக்கத்திலேயே செல்லும்போது, எடையற்ற பின்பக்கம் வளைவில் லேசாக விலகப் பார்க்கும். ரேஞ்சரின் ஆறு சிலிண்டர் வி6 மாடலில், தேவைக்கேற்ப நான்கு சக்கரங்களுக்கும் தானே விசையைப் பகிரும் 4ஏ நிலையைத் தார்ச்சாலையிலும் போட்டுவிட்டு மறந்துவிடலாம். மழை மிகுந்த பாதையில் அன்றாடம் போய்வருபவருக்கு, அந்த வி6-இன் 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைக் காட்டிலும் அந்த ஒரு திருகு அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம்.

எஞ்சின்களைப் பொறுத்தவரை எண்களைவிட அவை கிடைக்கும் விதம் முக்கியம். டி-மேக்ஸின் 3.0 லிட்டர் டீசல் 190 குதிரைத்திறனும் 450 நியூட்டன் மீட்டரும் தருகிறது; ஹைலக்ஸின் 2.8 லிட்டர் எஞ்சின் 2020 மாற்றத்துக்குப் பின் ஆட்டோமேட்டிக்கில் 204 குதிரைத்திறனும் 500 நியூட்டன் மீட்டரும் தருகிறது. இரண்டும் நிமிடத்துக்கு 1,600 சுழற்சியிலேயே முழு விசையை எட்டி, நெடுந்தூரம் அதை விடாமல் பிடித்துக்கொள்கின்றன. ரேஞ்சரின் இரட்டை டர்போ 2.0 லிட்டர் எஞ்சினும் 500 தருகிறது. ஆனால் 1,750 முதல் 2,000 சுழற்சி வரையிலான குறுகிய இடத்தில்தான். அந்தக் குறையைப் பத்து கியர்கள் ஈடுகட்டுகின்றன. மென்மையான ஏற்றத்தில் கியர் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதைச் சிலர் ரசிப்பார்கள், எனக்கு எரிச்சல்தான். சத்தத்தில் டி-மேக்ஸ் மூன்றிலும் முரடு. அதன் உழைப்பை நம்புகிறவர்கள் அந்தச் சத்தத்தைக் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை. பழைய ரேஞ்சர் வாங்குபவர்கள், 2.0 லிட்டர் எஞ்சினின் டைமிங் பெல்ட் எண்ணெயில் நனைந்து ஓடும் வகையா என்பதையும், எண்ணெய் உரிய காலத்தில் மாற்றப்பட்டதா என்பதையும் சர்வீஸ் பதிவில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இழுவை என்று வந்தால் 3,500 என்ற எண்ணே ஏமாற்றும். மொத்த எடை வரம்பு 3,100 கிலோ, வண்டியின் எடை 2,100 கிலோ என்று ஒரு பிக்கப்பை வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 1,000 கிலோ. 3,500 கிலோ டிரெய்லரின் முன்முனை, அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், 350 கிலோவை வண்டியின் கொக்கியில் ஏற்றிவிடும். ஐந்து பேர் ஏறினால் இன்னொரு 375 கிலோ. தொட்டிக்கு மூடி, இரும்பு பம்பர், சேற்றிலிருந்து வண்டியை இழுக்கும் வின்ச் எல்லாம் பொருத்தியிருந்தால் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த கூட்டு எடைக்குத் தனி வரம்பு வேறு இருக்கிறது. அது பெரும்பாலும் இதற்கு முன்பே கையை விரித்துவிடும். கனமான டிரெய்லரை அடிக்கடி இழுப்பவர், நீண்ட சக்கர இடைத்தூரமும் வி6 எஞ்சினும் உள்ள ரேஞ்சர் பக்கம் சாய்வதில் நியாயம் உண்டு. தொட்டியில் நேரடியாகச் சுமை ஏற்றுபவருக்கு அந்தக் காரணம் இல்லை.

டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டரைப் பற்றிச் சொல்லாமல் எந்த ஒப்பீடும் முழுமையாகாது. புகையிலுள்ள கரி அதில் தங்கும். 600 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் எரிந்தால்தான் அது சுத்தமாகும். அதற்கு இடைவிடாத ஓட்டம் வேண்டும். முன்பு என்னிடம் இருந்த பிக்கப்பை அன்றாடம் ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியதில்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்தபோதெல்லாம், அது சுத்தமாகிக்கொண்டிருக்கும் நடுவிலேயே எஞ்சினை அணைத்துவிட்டேன். ஒரு நாள் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தால் அளவு மேல் கோட்டையும் தாண்டியிருந்தது. முகர்ந்தால் டீசல் வாடை. எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீச்சப்பட்ட டீசல், சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எண்ணெயோடு கலந்திருந்தது. எண்ணெய் ஏறினால் நல்லது என்று எண்ணிய காலம் அத்தோடு போயிற்று. இத்தகைய குறுகிய ஓட்டத்துக்கு மூன்றில் எதுவும் ஏற்றதல்ல. கையால் சுத்திகரிப்பைத் தொடங்கும் பொத்தான் உள்ள மாடல் கிடைத்தால் அது ஒரு சிறு ஆறுதல்.

இந்த இடத்தில்தான் ஹோண்டா ரிட்ஜ்லைன் நினைவுக்கு வருகிறது. அது ஏணிச் சட்டமில்லாத, பின்பக்கமும் தனித்தனிச் சஸ்பென்ஷன் கொண்ட, 3.5 லிட்டர் பெட்ரோல் வி6 வண்டி. இழுவை 2,268 கிலோவோடு நின்றுவிடுகிறது. ஆனால் வாரத்தில் ஆறு நாள் காலியாகவும் ஒரு நாள் மிதிவண்டிகளோடும் ஓடும் குடும்பத்துக்கு, மேலே சொன்ன குலுக்கல், கரி, 4எச் கவலைகள் எதுவும் அதில் கிடையாது. 2014-இல் வந்த தலைமுறை நிஸான் நவாராவின் இரண்டு வரிசை இருக்கை கொண்ட மாடல்கள் பலவற்றில் பின்னால் காயில் ஸ்பிரிங் இருப்பதால் அது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆனால் முழுச் சுமையில் பின்பக்கம் தாழ்ந்துவிடும்.

என் தேர்வு, வாரத்தில் பாதி நாளாவது சுமை ஏற்றுபவருக்கு டி-மேக்ஸ். மெக்கானிக் கிடைக்காத தொலைவுகளுக்குப் போய்வருபவருக்கு ஹைலக்ஸ். ஒரே வண்டி வீட்டுக்கும் வேலைக்கும் வேண்டுமென்றால் ரேஞ்சர். திரை, கேமரா, ஒலிபெருக்கி போன்றவற்றை வைத்து இந்த வரிசையை மாற்ற மாட்டேன்.

வாங்கிய வாரத்திலேயே ஸ்டெப்னியை ஒருமுறை இறக்கிப் பார்ப்பது நல்லது. ரிட்ஜ்லைனில் அது தொட்டியின் தரைக்கு அடியிலுள்ள பெட்டிக்குள் இருப்பதால், சுமையோடு பஞ்சரானால் முதலில் சுமையை இறக்கிச் சாலையோரம் அடுக்க வேண்டும். மற்ற மூன்றிலும் அது வண்டிக்கு அடியில், கைப்பிடியால் சுற்றி இறக்கும் வின்ச்சில் தொங்குகிறது. சுமையைத் தொட வேண்டியதில்லை; ஆனால் சேறு காய்ந்து துருவோடு கெட்டித்துப் போன வின்ச், நடுச்சாலையில் கைப்பிடியை எவ்வளவு சுற்றினாலும் அசையாது.