கிறிஸ் ஸ்கொயரா, ஜான் வெட்டனா? ஒரே காலத்து இரண்டு பேஸ் வாழ்க்கைகள்

1972 கோடையில் டிரம்மர் பில் புரூஃபோர்ட், யெஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவை விட்டு இன்னொரு பிரிட்டிஷ் ராக் குழுவான கிங் கிரிம்சனில் சேர்ந்தார். பேஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது. டிரம்ஸ் வாசிப்பவர் அதே ஆள், பக்கத்தில் நிற்கும் பேஸ்காரர் மட்டும் வேறு. 1972 செப்டம்பரில் வந்த ‘குளோஸ் டு தி எட்ஜ்’ ஆல்பத்தையும் 1973 மார்ச்சில் வந்த ‘லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்’ ஆல்பத்தையும் ஹெட்ஃபோனில் அடுத்தடுத்துக் கேளுங்கள். யெஸ்ஸின் முதலாவதில் கிறிஸ் ஸ்கொயரின் பேஸ் கிட்டாரோடு சரிக்குச் சரி மல்லுக்கட்டும். ஒவ்வொரு அடியும் உலோகச் சத்தத்தோடு தனியாகத் தெறிக்கும். கிங் கிரிம்சனின் இரண்டாவதில் ஜான் வெட்டனின் பேஸ் கீழிருந்து திரண்டு எழும்பி, நடு அலைவரிசை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் அந்த இரைச்சல் இருப்பதால் புரூஃபோர்டும் வேறு மாதிரி அடிக்கிறார்.

இருவரும் ஏறக்குறைய ஒரே வயது. ஸ்கொயர் 1948 மார்ச் 4 அன்று லண்டனின் கிங்ஸ்பரியில் பிறந்தவர். வெட்டன் 1949 ஜூன் 12 அன்று டெர்பிஷயரில் வில்லிங்டன் என்ற ஊரில் பிறந்து போர்ன்மத்தில் வளர்ந்தவர். ஒருவர் 47 ஆண்டுகள் ஒரே குழுவில் இருந்தார். மற்றவர் 1970 முதல் 1982 வரைக்குள் மோகல் திராஷ், ஃபேமிலி, கிங் கிரிம்சன், ராக்ஸி மியூசிக், யூரியா ஹீப், யூ.கே., விஷ்போன் ஆஷ், ஏஷியா என்று எட்டுக் குழுக்களில் வாசித்துவிட்டார். நிலையான ஆள் பாதுகாப்பாக வாசித்திருப்பார், அலைந்தவர் துணிந்து வாசித்திருப்பார் என்றுதான் எவருக்கும் தோன்றும். பாட்டைக் கேட்டால் கணக்கு அவ்வளவு நேராக இல்லை.

இருவருக்கும் அடித்தளம் தேவாலயம்தான். ஸ்கொயர் சிறுவயதில் கிங்ஸ்பரி செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். குழுவை நடத்திய பாரி ரோஸ், பல ஆண்டு கழித்து ஸ்கொயரின் 1975 தனி ஆல்பமான ‘ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்’-க்கு பைப் ஆர்கன் வாசித்துக் கொடுத்தார். வெட்டனுக்கு வீட்டில் அண்ணன் ஆர்கன் வாசிப்பவர். பாமாலைகளைப் பழகும்போது கீழ்க்குரலை பியானோவில் வாசித்தது தம்பி. நாலு குரல் பாமாலையில் கீழ்க்குரல் மேல்குரலுக்கு எதிர்த்திசையில் நகரும் தனி மெட்டு. டிரம்ஸோடு சேர்ந்து ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும் வேலை அதற்குக் கிடையாது. இந்தப் பழக்கம் இருவர் கையிலும் ஊறிக்கிடந்தது. வேறுபாடெல்லாம் அதைக் கருவிக்குள் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதில்தான்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

ஸ்கொயர் லண்டனில் பூசி அண்ட் ஹாக்ஸ் இசைக்கருவிக் கடையில் வேலை பார்த்தபோது, ஊழியர் தள்ளுபடியில் 1965-ல் வாங்கியது ரிக்கன்பேக்கர் ஆர்.எம்.1999. 4001 வகையின் பிரிட்டிஷ் இறக்குமதி மாடல் அது. பூப்போட்ட காகிதம் ஒட்டி, பிறகு அதைச் சுரண்டி, மறுபடி மறுபடி தேய்த்துப் பெயின்ட் அடித்ததில் மரமே மெலிந்துபோனது. மோனோவாக வந்த கருவியை ஸ்டீரியோவாக வயரிங் மாற்றினார். அடித்தள ஒலி சாதாரண பேஸ் ஆம்புக்குப் போனது. மேல் ஒலி லீட் கிட்டார் ஆம்புக்குப் போய் அங்கே கரகரத்தது. ஸ்ட்ரிங் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தின் ரவுண்ட்வூண்ட், அதாவது உருண்டைக் கம்பி சுற்றியது. பிக்கை (மீட்டும் சில்லு) பிடித்த விதமும் தனி: பிக் ஸ்ட்ரிங்கைத் தொட்ட மறுகணம் கட்டைவிரலின் சதையும் அதில் உரசும். அந்தச் சின்ன ‘டிக்’ ஓசை அதிலிருந்துதான் வருகிறது. சமன்செய்யும் குமிழ் எதைத் திருகினாலும் அது கிடைக்காது.

இன்று இதை வீட்டில் செய்து பார்ப்பவர்கள் இடறுவது சில குறிப்பிட்ட இடங்களில். ரிக்கன்பேக்கரில் இரண்டு ஜாக் இருந்தால் அதில் ஒன்று ஸ்டீரியோ. அதில் சாதாரண மோனோ கேபிளைச் செருகினால் ஒரு பிக்அப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் ஒலியாக்கும் பகுதி) எர்த்தாகி ஊமையாகிவிடும்; பிக்அப் கெட்டுவிட்டது என்று சாலிடரிங் கம்பியைத் தூக்க வேண்டாம், ஒய் கேபிள் வாங்கினால் போதும். பழைய 4001-களில் பிரிட்ஜ் பிக்அப் வரிசையில் 0.0047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். அடித்தளத்தை வடிகட்டுவதே அதன் வேலை என்பதால் அந்த பிக்அப் தனியாக ஒலித்தால் மெலிசாகத்தான் இருக்கும். அதை நீக்கினால் சத்தம் பருக்கும், கண்ணாடி போன்ற மினுமினுப்பு போய்விடும். ஸ்கொயர் பாணிக்கு அதை விட்டுவைப்பதே நல்லது.

சாதாரண பேஸில் முயல்பவர்கள் ரெக்கார்டிங் டிராக்கை இரண்டாக நகலெடுத்து, 200 முதல் 250 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் பிரிக்கலாம். கீழ்ப்பாதிக்குக் கம்ப்ரஷன் (ஏற்ற இறக்கத்தைச் சீராக்குவது) மட்டும், மேல்பாதிக்கு ஓவர்டிரைவ் (கரகரப்பு). தாழ்ந்த ஈ ஸ்ட்ரிங்கின் அடிப்படை அலை 41 ஹெர்ட்ஸ்தான். முழு ஒலியையும் ஓவர்டிரைவுக்குள் தள்ளினால் முதலில் கரைந்துபோவது அதுதான். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது ஒலி திடீரென உள்ளீடற்றுப் போனால் ஃபேஸ் மாறி, இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அழிக்கின்றன என்று அர்த்தம். ஈ ஸ்ட்ரிங்கைத் திறந்து மீட்டிக்கொண்டே ஒரு டிராக்கின் ஃபேஸைப் புரட்டிப் பாருங்கள். எது பருமனாகக் கேட்கிறதோ அதில் விட்டுவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை பழைய 4001 வைத்திருப்பவர்களுக்கு மட்டும். 45-65-80-105 அளவு ரவுண்ட்வூண்ட் மாட்டியதும் நெக் வளைகிறதே என்று டிரஸ் ராட் (நெக்குக்குள் இருக்கும் உலோகக் கம்பி) நட்டை நேராகத் திருகிவிடாதீர்கள். 1980களின் நடுப்பகுதி வரை வந்த இரட்டை ராட் அமைப்பில், முதலில் நெக்கைக் கையால் வேண்டிய நிலைக்கு வளைத்துப் பிடித்து, அதன் பிறகே நட்டை இறுக்க வேண்டும். நட்டையே நம்பித் திருகினால் ஃப்ரெட்போர்டு நெக்கிலிருந்து பெயர்ந்துவிடும்.

வெட்டன் பக்கம் இத்தனை பாடு இல்லை. கிங் கிரிம்சன் காலத்தில் ஃபெண்டர் பிரிசிஷன். ஒரே பிக்அப், 34 அங்குல ஸ்கேல் (ரிக்கன்பேக்கருக்கு 33¼). அந்த பிக்அப் இரண்டு துண்டாகப் பிரிந்து ஹம்மை ரத்துசெய்துவிடுவதால், ஓவர்டிரைவை எவ்வளவு ஏற்றினாலும் மேடை விளக்கு டிம்மரின் உறுமல் பெரிதாக உள்ளே வராது. சிங்கிள் காயில் ரிக்கன்பேக்கரில் அதே அளவு ஏற்றிப் பாருங்கள், பாட்டுக்கு நடுவே ஒரு தேனீக்கூடே கேட்கும். டோனை முழுக்கத் திறந்து, 800 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றி, வால்வ் ஆம்பைத் திணறும் அளவு தள்ளினால் கிங் கிரிம்சனின் ‘ரெட்’ ஆல்பத்தின் வாசலுக்கு வந்துவிடலாம். உள்ளே போவதற்கு விரல் பலம் வேண்டும். அந்தக் கரகரப்பில் பாதி, ஸ்ட்ரிங்கை ஓங்கி அடிப்பதால் வருவது. வெட்டன்-புரூஃபோர்ட் கூட்டணியைப் ‘பறக்கும் செங்கல் சுவர்’ என்று கிங் கிரிம்சனின் கிட்டார்காரர் ராபர்ட் ஃபிரிப் சொன்னது சும்மா இல்லை. கிட்டார்காரர் தன் சத்தத்தைத் தானே கேட்க முடியாமல் தவித்த தவிப்பும் அதில் இருக்கிறது.

எழுதுவதும் பாடுவதும்

தனி பேஸ் துண்டு என்றால் ஸ்கொயரின் ‘தி ஃபிஷ்’. 1971-ன் ‘ஃப்ராஜைல்’ ஆல்பத்தில் வருவது; மெட்டு, தாளம், அலங்காரம் எல்லாமே பேஸின் வெவ்வேறு ஒலிகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தவை. 7 எண்ணிக்கை, ‘தகிட தகதிமி’ என்று விரலில் போட்டுக்கொண்டே கேட்கலாம். கடைசியில் வரும் கோஷத்துக்கு எட்டு அசை உள்ள மீன் பெயர் ஒன்று வேண்டும் என்று யெஸ்ஸின் பாடகர் ஜான் ஆண்டர்சன் கேட்க, குழுவின் உதவியாளர் கின்னஸ் புத்தகத்தைப் புரட்டி ‘ஷிண்ட்லேரியா பிரேமடூரஸ்’ என்று எடுத்துக்கொடுத்தார்.

வெட்டனுக்குச் சமமாக நிறுத்த வேண்டியது 1974-ன் ‘ரெட்’ ஆல்பத்தில் வரும் ‘ஸ்டார்லெஸ்’. பாட்டும் மெட்டும் வெட்டன் கொண்டுவந்தவை. முதலில் மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை, முந்தைய ஆல்பத்தில் இடம் கிடைக்கவில்லை. நடுப்பகுதியில் சுற்றிச் சுற்றி வரும் புகழ்பெற்ற 13 எண்ணிக்கை பேஸ் வரியைக் கொடுத்தவரோ டிரம்மர் புரூஃபோர்ட்! அதன்மேல் ஃபிரிப் நிமிடக்கணக்கில் ஒரே சுரத்தை மீட்டி, கொஞ்சம் கொஞ்சமாக மேலேறுகிறார். பேஸ் வரி அப்படியே நிற்க, அழுத்தமும் கரகரப்பும் மட்டும் கூடுகின்றன. பழகுகிறவர்கள் ‘தகதிமி தகதிமி தகதகிட’ என்று 13-ஐப் பிடித்துக்கொண்டால் தடம் தவறாது. ஆனால் இங்கே சறுக்குவது எண்ணிக்கையில் அல்ல, பொறுமையில். மூன்றாவது சுற்றிலேயே முழு பலத்தையும் காட்டிவிட்டால், இரட்டை வேகம் தொடங்கும்போது கையில் ஒன்றும் மிச்சமிருக்காது.

பாடிக்கொண்டே வாசிப்பதில் இருவரும் வேறு வேறு சிக்கலை எடுத்துக்கொண்டார்கள். வெட்டன் முதன்மைப் பாடகர். பாடும் இடங்களில் பேஸை எளிமையாக்கி, பாட்டு நின்றதும் அவிழ்த்துவிடுவார். ஸ்கொயர் ஜான் ஆண்டர்சனுக்குத் துணைக்குரல். பாட்டு போகும்போதே குரலுக்கு எதிர்த்தாளத்தில் பேஸ் ஓடும். கைக்கு ஸ்கொயர் வழி கடினம், தொண்டைக்கு வெட்டன் வழி. தொடங்குகிறவர்களுக்கு வெட்டன் வழியே புத்திசாலித்தனம். ஸ்கொயர் வரிகளை 60 சதவீத வேகத்தில் வைத்து, வாசித்துக்கொண்டே பக்கத்து ஆளோடு பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடியாதவரை பாட முயல வேண்டாம்.

பெயர் யார் கையில்

கலையைத் தாண்டி, பிழைப்பு என்று வரும்போதுதான் பெரிய இடைவெளி. 1981-ல் யெஸ் சிதறியபோது அதிலிருந்து வந்த ஸ்டீவ் ஹௌவும் ஜெஃப் டௌன்ஸும் வெட்டனோடும் டிரம்மர் கார்ல் பாமரோடும் சேர்ந்து ஏஷியாவைத் தொடங்கினார்கள். 1982-ல் வந்த முதல் ஆல்பம் அமெரிக்காவில் 9 வாரம் முதலிடம். வெட்டன் அதுவரை தொட்டதிலெல்லாம் பெரிய வெற்றி அது. அவருடைய பேஸ் மிகவும் அடங்கிப்போனதும் அங்கேதான். கார்டின் அடிப்படையான வேர்ச்சுரத்தைப் பிடித்துக்கொண்டு பாடகராக நின்றார்.

அடுத்த ஆண்டே அவர் குழுவில் இல்லை. 1983 டிசம்பர் 6 அன்று டோக்கியோவின் புடோகான் அரங்கில் ஏஷியா வாசித்தபோது அவர் இடத்தில் நின்றவர் கிரெக் லேக். கிங் கிரிம்சனில் பிற்காலத்தில் வெட்டன் போய் நின்ற இடத்தில் முதன்முதலில் நின்ற அதே லேக். வெட்டன் திரும்பி வந்தார், மறுபடி விலகினார். 1992 ஆல்பம் முதல் ஜான் பெய்ன் பாட, ஏஷியா என்ற பெயர் அவர் இல்லாமலேயே ஓடியது. பழைய நால்வரும் ஒன்றுகூட 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஸ்கொயர் அதே காலத்தில் டிரெவர் ராபின், ஆலன் வைட் ஆகியோரோடு சினிமா என்ற புதுக் குழுவைத் தொடங்கினார். டோனி கேயும் ஜான் ஆண்டர்சனும் வந்து சேர்ந்ததும் அது யெஸ் ஆனது. ‘ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்’ 1984 ஜனவரியில் அமெரிக்க முதலிடம் பிடித்தது. 1989-ல் ஆண்டர்சன், புரூஃபோர்ட், வேக்மன், ஹௌ நால்வரும் சேர்ந்தபோது யெஸ் என்ற பெயரை வைக்க முடியாமல் நாலு பேர் பெயரையும் வரிசையாகப் போட்டு ஆல்பம் வெளியிட்டார்கள். யெஸ்ஸின் பொற்காலத்து ஆட்கள் இத்தனை பேர் இருந்தும் பெயர் ஸ்கொயர் பக்கம் இருந்தது. 1969 முதல் 2014 வரையிலான 21 ஸ்டுடியோ ஆல்பங்களிலும் வாசித்த ஒரே ஆள் அவர்தான்.

ஆல்பத்துக்கு ஆல்பம் துணிச்சலை மட்டும் எடைபோட்டால், 1973, 74-ன் வெட்டனுக்கு அருகில் ஸ்கொயர் வருவது கடினம். ஆனால் அந்த கிங் கிரிம்சனையும் ‘ரெட்’ வெளியாகும் முன்பே ஃபிரிப் கலைத்துவிட்டார். வெட்டனால் அதைத் தடுக்க வழியில்லை.

ஸ்கொயர் 2015 ஜூன் 27 அன்று ரத்தப் புற்றுநோயால் இறந்தார். யெஸ்ஸில் தன் இடத்துக்கு அவரே சொல்லிவைத்திருந்த ஆள் பில்லி ஷெர்வுட். 2017 தொடக்கத்தில் சிகிச்சையில் இருந்த வெட்டனால் ஏஷியாவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குப் போக முடியவில்லை. ஜனவரி 31 அன்று அவரும் இறந்தார். அந்தச் சுற்றுப்பயணத்தில் பேஸை மாட்டிக்கொண்டு மைக் முன் நின்றதும் பில்லி ஷெர்வுட்தான்.