டைட்டில் ஓடும்போது எழுந்து போகாதவர்களுக்கு ஒரு தளம்

மோஷன் கிராஃபிக்ஸ் (எழுத்தையும் படத்தையும் அசைய வைக்கும் வேலை) செய்கிற யாரிடமும் “ரெஃபரன்ஸுக்கு எங்கே போவீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். சேமித்து வைத்த ரீல்ஸைத்தான் எடுத்து நீட்டுவார்கள். என்னிடமும் அப்படி ஒரு குவியல் இருக்கிறது. உருகி வழியும் எழுத்து, நூலாகப் பிரிந்து மறுபடி கூடும் லோகோ, முடிவே இல்லாமல் சுழலும் பளபள உருண்டை. பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் டைம்லைனைத் திறந்து வேலைக்கு உட்கார்ந்தால் அவற்றில் பாதிக்கு மேல் கைகொடுப்பதில்லை. எனக்குக் கைகொடுப்பது ஆர்ட் ஆஃப் த டைட்டில்.

படங்கள், தொடர்கள், வீடியோ கேம்கள் ஆகியவற்றின் டைட்டில் காட்சிகளைத் திரட்டி வைத்திருக்கும் தளம் இது. டிசைன் மாநாடுகளுக்காகச் செய்த தொடக்க வீடியோக்களும் உண்டு. பார்க்கக் காசு வேண்டாம். வீடியோவோடு ஸ்டில்கள் வரிசையாக இருக்கும். பல பதிவுகளில் செய்தவர்களின் நீண்ட பேட்டியும், சிலவற்றில் ஸ்டோரிபோர்டும் சேர்ந்து வரும்.

முடிவில்லாமல் திரும்பத் திரும்ப ஓடும் லூப் வீடியோக்களை விட டைட்டிலை நான் ஏன் உயர்த்திப் பிடிக்கிறேன் என்றால், லூப்புக்குப் பொறுப்பு கிடையாது. அது அழகாக இருந்தால் போதும். டைட்டிலுக்குத் தலைமேல் அவ்வளவு சுமை. யார் பெயர் முதலில் வர வேண்டும், எந்த அளவில் வர வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். ஒவ்வொரு பெயரும் படித்து முடிக்கிற நேரம் வரை திரையில் நிற்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் படத்தின் மனநிலைக்கு ஆளை இழுத்து வர வேண்டும், கதையை மட்டும் உளறிவிடக் கூடாது. நம் கிளையன்ட் வேலையும் கிட்டத்தட்ட இதே மாதிரிதானே? மாற்ற முடியாத வாசகம், மாற்ற முடியாத நேரம், மீதி இருக்கிற இடத்தில் நம் கைவரிசை.

‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்துக்கு 1959இல் டைட்டில் வடிவமைப்பாளர் சால் பாஸ் செய்த டைட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் பச்சைத் திரை. அதில் கோடுகள் சாய்வாகப் பாய்ந்து ஒரு கட்டவலை ஆகின்றன. பெயர்கள் லிஃப்ட் மாதிரி மேலிருந்தும் கீழிருந்தும் வழுக்கி வந்து நிற்கின்றன. எழுத்துகளும் வலையின் சாய்வுக்கு ஏற்பவே சாய்ந்திருக்கின்றன. கொஞ்ச நேரத்தில் பச்சை கரைந்து, அந்த வலை ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் முகப்பாகிவிடுகிறது. கண்ணாடியில் கீழே ஓடும் வண்டிகள் தெரிகின்றன. அதுவரை அலங்காரம் என்று நினைத்த கோடு ஒவ்வொன்றும் ஜன்னல் சட்டம்! இன்று இந்த வேலைக்கு நாம் பயன்படுத்தும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருள் வெளிவந்ததே 1993இல்தான் என்பதை நினைத்துக்கொண்டு இதை இன்னொரு தடவை பாருங்கள்.

எனக்கு இதில் பிடித்தது அந்தப் பெயர்கள் நிற்கிற விதம். இன்றைய டெம்ப்ளேட்டுகளில் எல்லாமே ஒரே மாதிரி ஈஸிங்கில் (வேகம் கூடிக் குறையும் விதம்) வழுக்கி வந்து, லேசாகத் துள்ளி அடங்கும். வேகத்தைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறக்காமலே சொல்லிவிடலாம், இது இன்ன ப்ரீசெட், அதாவது மென்பொருளில் தயாராகக் கிடைக்கும் அமைப்பு என்று. இங்கே துள்ளல் கிடையாது. வந்த எழுத்து கோட்டோடு பொருந்தி நிற்கிறது, அவ்வளவுதான். எங்கே நிற்க வேண்டும் என்பதை வலை முன்பே தீர்மானித்துவிட்டதால் அசைவுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

இந்த மாதிரி நுணுக்கத்தைப் பிடிக்க ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தாக வேண்டும். அதே டைட்டில் யூடியூபில் இருந்தால், கணினியில் வீடியோவை நிறுத்திவிட்டுக் கமா, முற்றுப்புள்ளி விசைகளைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஃப்ரேம் பின்னால் அல்லது முன்னால் போகும். முதல் தடவை சத்தத்தோடு, அடுத்த தடவை ம்யூட்டில் பார்ப்பது என் வழக்கம். இசை நின்றதும் பல டைட்டில்களின் சாயம் வெளுத்துவிடும்.

‘வெர்டிகோ’வில் (1958) வரும் சுருள்களுக்காக அனிமேஷன் கலைஞர் ஜான் விட்னி போர்க்கால விமான எதிர்ப்புப் பீரங்கியைக் குறிவைக்கும் கருவியின் பாகங்களைப் பயன்படுத்தினார். ‘கேட்ச் மீ இஃப் யூ கேன்’ (2002) கணினியில் வரைந்த பளிச்சென்ற வெக்டர் வேலை போலத் தெரியும். அதன் மனித உருவங்களைக் கையால் செதுக்கிய முத்திரைகளை மையில் தோய்த்துக் குத்தி எடுத்திருக்கிறார்கள். விளிம்பில் மை சீராகப் பரவாதது உற்றுப் பார்த்தால் தெரியும். ‘செவன்’ (1995) பற்றி நான் சொல்லவே வேண்டாம். கையால் கீறிய எழுத்து, உதறும் ஃப்ரேம். அதைப் பார்த்து உலகமே கீற ஆரம்பித்து, கடைசியில் எந்தத் திகில் டிரெய்லரிலும் அதே நடுக்கம். பாவம், மூலத்தைச் செய்தவர் என்ன பண்ணுவார்.

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ (2016) டைட்டிலில் நடப்பது மிகக் கொஞ்சம். பெங்கியாட் எழுத்துருவில் சிவப்புக் கோட்டெழுத்துகள் இருட்டில் மெதுவாக நகர்கின்றன. முதலில் அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் எது எந்த எழுத்து என்றே புரியாது. கடைசியில்தான் கூடிப் பெயராகின்றன. கணினியில் செய்வதற்கு முன் எழுத்தைக் ‘கோடாலித்’ (Kodalith) என்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் அச்சிட்டு, பின்னாலிருந்து விளக்கடித்து, வெளிச்சம் எப்படிக் கசிகிறது என்று சோதித்திருக்கிறார்கள். ஒளிரவைக்கும் க்ளோ எஃபெக்டை இழுத்துவிட்டு “சரி, முடிந்தது” என்று சொல்கிற நமக்கு இது கொஞ்சம் உறைக்கும்.

குறை இல்லாமல் இல்லை. தொகுப்பு மேற்கத்தியப் படங்கள் பக்கமே சாய்ந்திருக்கிறது. பேட்டிகள் ஆங்கிலத்தில், சில சமயம் ஒருவரையொருவர் முதுகில் தட்டிக்கொள்வதோடு முடிந்துவிடும். ப்ராஜெக்ட் ஃபைல், பாடம் என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஆப் பட்டன் எப்படி அசைய வேண்டும், லோகோ மூன்று விநாடியில் எப்படி முடிய வேண்டும் என்று தேடுபவர்களுக்கு இங்கே நேரடியாக ஒன்றும் இல்லை. அவர்கள் வீடியோ தளமான விமியோவின் ஸ்டாஃப் பிக்ஸ் பக்கம் போகலாம். அங்கே அல்காரிதம் இல்லாமல் ஆட்கள் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் கதைக் குறும்படங்களும் நிறைய இருப்பதால் மோஷன் வேலைகளைச் சலித்தெடுக்கப் பொறுமை வேண்டும்.

நெட்ஃப்ளிக்ஸ் 2017இல் டைட்டிலைத் தாண்டிப் போக ஒரு பட்டன் வைத்தது. எனக்கு அந்தப் பட்டன் மேல் தீராத கோபம். இரண்டு நிமிடம் போகட்டுமே, என்ன அவசரம்? இப்போது பல தொடர்கள் ஒரு பெயர்ப்பலகையை மின்னவிட்டு வேலைக்குப் போய்விடுகின்றன. முழு நீள டைட்டிலை யாரும் தாண்டச் சொல்லாமல் பார்க்க முடிகிற இடம் என்பதற்காகவே இந்தத் தளத்துக்கு இன்னொரு மதிப்பெண் கூட்டிப் போடுவேன்.

புதிதாகப் போகிறவர்கள் முகப்பிலிருந்து மேயாதீர்கள், தொலைந்துபோவீர்கள். முதலில் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’, அடுத்து ‘கேட்ச் மீ இஃப் யூ கேன்’. இரண்டாவதைச் செய்தவர்கள் வேறு ஆட்கள். நாற்பது வருட இடைவெளியில் அவர்கள் கையில் பாஸின் பாணி எங்கே அப்படியே இருக்கிறது, எங்கே விளையாட்டாக மாறியிருக்கிறது என்று தேடுங்கள். நீங்களாக நாலு விஷயம் குறித்துக்கொண்ட அப்புறம் பேட்டியைப் படியுங்கள்.