ஐகான் 1.6, சிட்டி விடெக்: ரெண்டையும் வச்சு ஓட்டுன அனுபவம்

நம்மூட்ல ஃபோர்டு ஐகான் 1.6 ஒண்ணு, 2001 மாடல், ஹோண்டா சிட்டி 1.5 விடெக் (வேகமாச் சுத்தறப்ப வால்வு தொறக்கறத மாத்தி பவர் கூட்டற ஹோண்டா இஞ்சின்) ஒண்ணு, 2002 மாடல். ஐகான் வந்து பதினஞ்சு வருசத்துக்கு மேலாச்சு, சிட்டி ஒம்போது வருசம். எத வாங்கறதுன்னு பொள்ளாச்சிப் பசங்க கேட்டுட்டே இருக்காங்க, அதானுங்க எழுதறேன்.

பவர் நம்பரப் பாத்தா சிட்டிதான், 106 பிஹெச்பி (குதிரைத்திறன்), ஐகானுக்கு 91தான். ஆனா அந்த 106 வர்றது 6800 ஆர்பிஎம்லங்க (இஞ்சின் நிமிசத்துக்குச் சுத்தற சுத்து), ஐகானுக்கு 2500லயே டார்க், அதாவது இழுவை, முழுசா வந்துரும். ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி ஏறிப் பாருங்க, காலுக்கே தெரியும். ஐகான்ல ரெண்டாவது கியர்லயே ஸ்டியரிங்க ஒடிச்சு லேசா மிதிச்சாப் போதும், அஞ்சு பேரு உக்காந்திருந்தாலும் மொனகாம இழுத்துட்டு மேல வந்துரும், சிட்டில அதே வளைவுல எதுக்க பஸ் வந்து ஆர்பிஎம் விழுந்துருச்சுன்னா மொதல் கியருக்குத்தான் போகோணும்.

ஆனா அவிநாசி தாண்டி சேலம் ரோட்டுல சிட்டியத் தொட முடியாதுங்க. மூணாவதுல வச்சு மிதிச்சுட்டே போனா அஞ்சாயிரத்துக்கு மேல சத்தமே மாறும், முள்ளு செகப்புக் கோட்டுக்குப் போற வரைக்கும் சளைக்காது, அந்தச் சத்தத்துக்காகவே நான் பாட்டுப் போடறதில்ல. 2003ல வந்த அடுத்த சிட்டில பவர் 77க்கு எறங்கிருச்சு, அதனாலதான் பழைய விடெக்க இன்னும் ஆளுங்க தேடறாங்க.

சிட்டி வாங்கறவங்க மொதல்ல டைமிங் பெல்ட்ட, அதாவது வால்வுக நேரத்துக்குத் தொறந்து மூட வைக்கற ரப்பர் பெல்ட்ட, பாத்துருங்க. எனக்கு வித்தவரு மாத்தியாச்சுன்னாரு, நம்பி ரெண்டு மாசம் ஓட்டிட்டேன். மெக்கானிக் கவரக் கழட்டி பெல்ட்ட மடக்கிக் காட்டுனப்ப ஒவ்வொரு பல்லுக்கு அடியிலயும் தலைமுடியாட்ட வெடிப்பு, அந்துருந்தா வால்வும் பிஸ்டனும் முட்டி இஞ்சினே போயிருக்கும்னாரு. வாட்டர் பம்பும் அதே பெல்ட்டுலதான் சுத்துது, ரெண்டையும் சேத்தே மாத்திட்டேன். ஐகான்ல பெல்ட்டுக்குப் பதிலா செயின், ஆயில நேரத்துக்கு மாத்துனாப் போதும்.

மைலேஜ் சிட்டி 13, ஐகான் 10 தாண்டாது. ஐகானுக்கு ஸ்பேர் தேடறதும் நொம்ப சிரமம். போன வருசம் லோயர் ஆர்ம் புஷ் (முன் சக்கரத்தத் தாங்கற கைக்குள்ள வர்ற சின்ன வளையம்) எங்கியும் கிடைக்காம, பழசக் கொண்டுபோய் சிங்காநல்லூர்ல ஒரு லேத்துல குடுத்து அளவெடுத்துக் கடஞ்சு வாங்கிப் போட்டோம், இப்ப பள்ளத்துல எறங்குனாலும் சத்தமில்ல.

ஒண்ணுதான் வைக்கோணும்னா நான் ஐகானத்தான் வைப்பேனுங்க. எங்க தோட்டத்துக்குப் போற ரோடு மலை ரோடு, வாரத்துக்கு ரெண்டு தடவ ஏறோணும். சிட்டிய ஞாயித்துக்கெழம காலைல வெளிய எடுக்கறதோட சரி.