தலை வழுக்கிய ஆக்சில் போல்ட்: சில ஆண்டுகளாக எனக்கு உழைத்த கருவிகள்

எக்ஸ்ட்ராக்டர் (மாட்டிக்கொண்ட போல்ட்டைக் கடித்துப் பிடித்து எடுக்கும் கருவி) செட் ஒன்று கையில் இருந்தால், கீ நிற்காதபடி தலைக்குழி தேய்ந்து வழுக்கிய எந்த போல்ட்டையும் கழற்றிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். மலைச்சைக்கிளின் முன் ஃபோர்க்கில் சக்கரத்தைத் தாங்கும் அச்சான ஆக்சிலுக்கு அந்த நம்பிக்கை பொருந்தாது. இந்த வேலைக்கென்று என் பெட்டியில் இருப்பவற்றில் நன்றாக உழைத்தவை இரண்டே பிட்டுகள். ஒன்று நட்சத்திர முனை கொண்ட டி45 டார்க்ஸ், மற்றது அறுகோண முனை கொண்ட கால் அங்குல அலன். ஜாலான் புசார் பக்கத்து இரும்புச்சாமான் கடைகளில் சில வெள்ளிக்கு வாங்கியவை. அக்கம்பக்கத்தில் யார் சைக்கிள் இப்படி மாட்டிக்கொண்டாலும் இவற்றைத்தான் எடுக்கிறேன்.

இந்தத் தொல்லை நம் சிங்கப்பூரில் அடிக்கடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. புக்கிட் தீமாவிலோ செஸ்நட் இயற்கைப் பூங்காவிலோ ஒரு சுற்று போய் வந்தாலே ஆக்சிலின் அலன் குழிக்குள் சேறு அடைத்துக்கொள்ளும், காய்ந்ததும் கல்லாகிவிடும். அலன் கீ பாதி ஆழம்தான் உள்ளே போகும், ஆனால் முழுவதும் உட்கார்ந்ததுபோலத் தெரியும். அப்படியே திருகினால் குழியின் வாய் மட்டும் சிதைகிறது. புலாவ் உபினில் கெத்தாம் பாதைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. சாங்கியிலிருந்து படகில் சைக்கிளை ஏற்றும்போது உப்புத்தண்ணீர் தெறிக்கும். ஃபோர்க்கின் கீழ்க்கால்கள் பெரும்பாலும் மெக்னீசியக் கலவையில் வார்த்தவை, ஆக்சில் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே உப்பு ஈரம் தங்கினால் மெக்னீசியம்தான் முதலில் அரிக்கும். அந்த வெள்ளைப் பொடி மரைக்குள் புகுந்து ஆக்சிலைப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் புளோக்கில் இருக்கும் தம்பி ஒருவர், யாரோ ஓட்டிய சைக்கிளை வாங்கி வந்தார். முன் சக்கரத்தில் பஞ்சர், ஆனால் சக்கரத்தைக் கழற்ற முடியவில்லை. "அண்ணே, கீ சும்மா சுத்துது, எதுவும் பிடிக்கலை" என்றார். 6 மில்லிமீட்டர் குழி, ஆறு மூலையும் தேய்ந்து வட்டமாகியிருந்தது. "இனிமே அதுல எதையும் போட்டுத் திருகாதே தம்பி, அப்படியே வை" என்றுதான் முதலில் சொன்னேன். வழுக்கிய குழியில் அதே கீயை மறுபடி மறுபடி போட்டுச் சுற்றுவதைவிடப் பெரிய கேடு இந்த வேலையில் கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உலோகம் போகிறது. மிச்சம் இருப்பதை வைத்துத்தான் நாம் வேலை பார்க்கவேண்டும்.

கருவியை எடுக்கும் முன்பு ஒன்றைப் பார்த்தே ஆகவேண்டும். சில ஃபோர்க்குகளில் காலின் அடியில் ஆக்சிலை இறுக்கிப் பிடிக்கும் சின்ன போல்ட் தனியாக இருக்கும். அதைத் தளர்த்தாமல் ஆக்சிலைத் திருகினால் நல்ல குழியும் வழுக்கும். தம்பியின் ஃபோர்க்கில் அது இல்லை.

பிறகு ஒரு கூரான ஊசியால் குழியின் அடிவரை சேற்றைக் கிளறி எடுக்கவேண்டும். பிரேக் பேடுகளைத் தாங்கும் காலிப்பரை அதன் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றி விலக்கி, பேடுகளுக்கு நடுவே அட்டை ஒன்றைச் செருகிவிட்டு, அவை கவ்வும் டிஸ்க்கை பிளாஸ்டிக் பையால் சுற்றினேன். ஊடுருவும் எண்ணெய் டிஸ்க்கில் ஒரு சொட்டு பட்டாலும் பேடு பாழ். எண்ணெயைத் தலைப்பக்கம் ஊற்றிப் பயன் குறைவு. மரை இருப்பது தலைக்கு எதிர்ப்பக்கக் காலில், அங்கேதான் ஊற்றவேண்டும். ஒரு ராத்திரி முழுக்க ஊறவிட்டோம்.

இனி பிட்டுக்கு வருகிறேன். 6 மில்லிமீட்டர் குழியில் மூலைக்கு மூலை ஏறக்குறைய 6.9 மில்லிமீட்டர். மூலைகள் லேசாக மழுங்கியிருந்தால் கால் அங்குல அலன் போதும். அது 6.35 மில்லிமீட்டர், சுத்தியலால் தட்டினால் இறுக்கமாக இறங்கும். முழுக்க வட்டமாகிவிட்டால் டி45. அதன் முனைக்கு முனை அளவு 7.8 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் என்பதால் அடித்து இறக்கும்போது அலுமினியத்தில் தனக்கான பள்ளங்களைத் தானே வெட்டிக்கொள்கிறது. டி40 எடுக்காதீர்கள், அது குழியைவிடச் சின்னது, உள்ளே ஆடும்.

அடிக்கும்போது எதிர்க்காலின் அடியில் மரக்கட்டை ஒன்றை முட்டுக்கொடுக்கவேண்டும். முட்டு இல்லாவிட்டால் அடியின் அதிர்ச்சி சக்கரத்தின் பேரிங்குக்குப் போகும். புளோக்கின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கில் பகல் நேரத்தில், தம்பி ஃபோர்க்கைப் பிடித்துக்கொள்ள, டி45-ஐ அடி தொடும்வரை இறக்கினேன். பிறகு நீளக் கைப்பிடி. உடம்பின் பாரத்தை பிட்டின் மேல் வைத்து, வெட்டி இழுக்காமல், மெதுவாக அழுத்தம் ஏற்றினால் போதும். "டக்" என்று ஒரு சத்தம், ஆக்சில் அசைந்தது. தம்பி "வந்துடுச்சுண்ணே!" என்று கத்தியதில் லிப்டுக்குக் காத்திருந்த பாட்டி திரும்பிப் பார்த்தார்.

எக்ஸ்ட்ராக்டரை ஏன் வேண்டாம் என்கிறேன்? அது கூம்பு வடிவத் திருகாணி. இறங்க இறங்கச் சுவரை வெளிப்பக்கம் தள்ளும். கெட்டியான எஃகு போல்ட்டில் அதனால் பாதகமில்லை. ஆக்சிலோ பெரும்பாலும் உள்ளே குழாயாக இருக்கும் 15 மில்லிமீட்டர் அலுமினியம். தலை விரிந்தால் ஃபோர்க் காலின் துளைக்குள் இன்னும் இறுகிவிடும். அதற்கும் மேலே, எக்ஸ்ட்ராக்டர் கடினமான, எளிதில் முறியும் எஃகு. உள்ளே முறிந்தால் சாதாரண துளை பிட்டால் அதைத் தொடக்கூட முடியாது. என் செட்டை வீட்டு மேசை, நாற்காலித் திருகாணிகளுக்கு எடுக்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது. ஃபோர்க் பக்கம் கொண்டுபோவதில்லை.

சூடு காட்டலாமா என்று பலர் கேட்பார்கள். மெக்னீசியமும் அலுமினியமும் சூட்டில் விரியும் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் பெரிய லாபம் இல்லை. பெயின்ட்டும், ஃபோர்க்கின் ரப்பர் சீலும், உள்ளே இருக்கும் எண்ணெயும் கெடும். கேஸ் டார்ச் இந்த இடத்தில் கூடவே கூடாது. மெக்னீசியத்தின் சீவல் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, ஊற்றினால் தீ கூடும். தலையில் வெட்டுப் போட்டு ஸ்க்ரூட்ரைவரால் திருகும் வழியிலும் கிரைண்டர் ஃபோர்க் காலைத் தொட்டால் அதே ஆபத்து. ஆக்சிலின் தலை நன்றாக வெளியே துருத்திக்கொண்டிருந்தால் மட்டும், கைரம்பத்தால் செய்யலாம்.

இரண்டு பொருள் கலக்கும் எஃகுப் பசையால் பழைய கீ ஒன்றைக் குழிக்குள் ஒட்டிவிட்டு மறுநாள் திருகும் வழியும் உண்டு. சுத்தியல் அடிக்க விருப்பமில்லாதவர்களுக்கு அது நல்லது. ஆனால் குழியில் எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக்கூடாது. ஆகவே அதைச் செய்வதாக இருந்தால் எண்ணெய் ஊற்றும் முன்பே செய்யவேண்டும், அல்லது ஆல்கஹாலால் நன்றாகத் துடைத்துவிட்டுச் செய்யவேண்டும்.

பழைய ஆக்சிலைத் திரும்பப் போடக்கூடாது. புதிது வாங்கும்போது 15 மில்லிமீட்டர் என்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் அகலம் 100 மில்லிமீட்டரா, பூஸ்ட் என்கிற 110 மில்லிமீட்டரா என்று பார்க்கவேண்டும். மரையும் நீளமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதே நல்லது. போடும் முன்பு ஃபோர்க் காலின் மரையைப் பழைய டூத்பிரஷ்ஷால் துலக்கி, தண்ணீர் தாங்கும் சாதாரண கிரீஸைத் தடவினோம். செம்புத்தூள் கலந்த பசை வேண்டாம். மெக்னீசியத்தின் பக்கத்தில் செம்பு இருந்தால் அரிப்பு கூடும். இறுக்கும் அளவு பெரும்பாலும் ஆக்சிலின் மேலேயே எழுதியிருக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து அந்த அளவோடு நிறுத்தினேன்.

இவ்வளவு காலத்தில் பிட்டுகளின் நிலை என்ன? டி45-இன் முனைகளில் தேய்மானம் கண்ணுக்குத் தெரியவில்லை. அலுமினியத்தில் மட்டுமே அடித்ததால் என்று நினைக்கிறேன். கால் அங்குல பிட்டின் ஒரு மூலை லேசாகச் சிதறியிருக்கிறது. அது மலிவான வகை, அடி தாங்கும் ரகத்தை வாங்கியிருந்தால் இன்னும் நிற்கும். தம்பி உபினுக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் ஆக்சிலைக் கழுவுகிறார், அவ்வப்போது கழற்றி கிரீஸ் தடவுகிறார். ஒவ்வொரு முறையும் கையாலேயே சுழன்று வருகிறது.

டி45-உம் சுற்றும் அளவுக்குக் குழி விரிந்துவிட்டாலோ, ஆக்சில் அசைந்த பிறகும் மரை கரகரவென்று இழுத்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு, ஃபோர்க் பிரித்துப் பார்க்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். மரை போய்விட்டால் கீழ்க்கால்களையே மாற்றவேண்டி வரலாம், அந்தச் செலவு பெரியது.