ஆன்லைனில் ஈயச் சொம்பு வாங்கப் போகிறீர்களா? காசு கட்டும் முன் இதைப் படியுங்கள்

இன்ஸ்டாகிராமில் "பாரம்பரியப் பாத்திரங்கள்" விற்கும் ஒரு பக்கத்தில் வாங்கிய ஈயச் சொம்பில், கிட்டத்தட்ட பாதி காரீயம். சும்மா சந்தேகத்தில் சொல்லவில்லை. உலோகப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பக்கத்தின் பெயரைப் போடவில்லை, நுகர்வோர் ஆணையத்தில் புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெயர் தெரிந்தாலும் பெரிய பிரயோஜனம் இருக்காது. அதே போட்டோ, அதே வாசகத்தோடு வேறு சில பக்கங்களும் அதே சொம்பை விற்கின்றன.

ஈயச் சொம்பைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் ரசம் வைப்பதற்கென்றே இருக்கும் பாத்திரம் இது. வெள்ளீயத்தில் (டின்) செய்வார்கள். பேட்டரிக்குள் இருக்கும் காரீயம் (லெட்) வேறு உலோகம், விஷம். பேச்சுவழக்கில் இரண்டும் ஈயம்தான் என்பதால் வாங்கும்போதே இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நானும் கேட்டேன். "ஹண்ட்ரட் பர்சென்ட் ப்யூர் டின் மேம், லெட் ஃப்ரீ" என்று வாட்ஸாப்பில் பதில் வந்தது. அந்த ஸ்க்ரீன்ஷாட் இப்போது என் புகாரில் இணைப்பாக இருக்கிறது.

விளம்பரம் அழகாகத்தான் இருந்தது. சுத்தியலால் தட்டித் தட்டிக் குழி விழுந்த வேலைப்பாடு, பளபளப்பு, மரப்பலகை மேல் வைத்து நுரை கட்டும் ரசம், பின்னணியில் வீணை. "பாட்டி கைப்பக்குவம், உங்கள் மாடர்ன் கிச்சனில்." விலை 3,500 என்று போட்டு அடித்துவிட்டு 1,390. கூரியர் இலவசம்.

இந்த விலைக்கணக்கைக் கொஞ்சம் பாருங்கள், ஏனென்றால் ஏமாற்று வேலை முழுக்க இதில்தான் இருக்கிறது. வெள்ளீயம் நம் நாட்டில் அதிகம் கிடைப்பதில்லை. சத்தீஸ்கரின் பஸ்தர் பக்கம் கொஞ்சம் தாது எடுக்கிறார்கள், மற்றபடி பெரும்பாலும் இறக்குமதி. கிலோ இரண்டாயிரத்து ஐநூறு ரூபாய்க்குக் குறையாது. காரீயம் கிலோ இருநூறு ரூபாய் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கிறது. எனக்கு வந்த சொம்பு 612 கிராம். சுத்த வெள்ளீயமாக இருந்தால் உலோகம் மட்டுமே 1,500 ரூபாயைத் தாண்டும். அதற்கு மேல் வார்ப்புக் கூலி, பாலிஷ், வரி, பெட்டி, கூரியர், விளம்பரச் செலவு எல்லாம் இருக்கிறது. 1,390க்கு எந்த மகராசனாலும் கொடுக்க முடியாது.

சந்தேகம் முதலில் எனக்கு வரவில்லை, பக்கத்து வீட்டு மாமிக்குத்தான் வந்தது. கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்து, கோயம்புத்தூரில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு வந்து சேர்ந்தவர். அவர் மாமியார் காலத்துச் சொம்பு ஒன்று இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. என்னுடையதைக் கையில் தூக்கியதுமே, "ஏண்டி, இது என்ன இப்படிக் கனக்கறது?" என்றார். அவர் சொம்பு பார்வைக்கு என்னுடையதைவிடப் பெரியது. இரண்டையும் ஆளுக்கொரு கையில் பிடித்துப் பார்த்தோம். பெரியதுதான் லேசாக இருந்தது.

உடனே அந்தப் பக்கத்துக்கு மெசேஜ் போட்டேன். "மேம், இது ஹேண்ட்மேட். வெயிட் ஜாஸ்தின்னா குவாலிட்டி ஜாஸ்தின்னு அர்த்தம்" என்றார்கள். கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா? எவர்சில்வருக்கும் பித்தளைக்கும் நாம் அப்படித்தான் பார்ப்போம், கனமாக இருந்தால் நல்லது என்று. ஈயச் சொம்பில் இது தலைகீழ். ஒரே அளவு வெள்ளீயத்தையும் காரீயத்தையும் எடுத்தால் காரீயம் ஒன்றரை மடங்கு கனம்.

சமையலறைத் தராசு வைத்திருப்பவர்கள் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு போதும். முதலில் சொம்பைக் காய்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சொம்பு முழுதாக மூழ்கும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் எடுத்துத் தராசின் மேல் வைத்து, டேர் பட்டனை அழுத்திப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். தராசின் முழுக் கொள்ளளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொம்பை நூலில் கட்டி, வாய் மேலே இருக்கும்படி மெதுவாக இறக்குங்கள். அடியிலும் பக்கத்திலும் தொடக்கூடாது, உள்ளே காற்றுக்குமிழி நிற்கக்கூடாது, கையிலேயே தொங்க வேண்டும். அப்போது தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ, சொம்பின் உலோகம் அத்தனை மில்லி. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. சுத்த வெள்ளீயத்துக்கு 7.3 வர வேண்டும். காரீயத்துக்கு 11.3.

மாமியின் சொம்பு 540 கிராம், தண்ணீரில் 74. வகுத்தால் 7.3, அச்சு அசல். என்னுடையது 612 கிராம், தண்ணீரில் 70. வகுத்தால் 8.7. அந்தக் கணக்குப்படி எடையில் நாற்பத்தைந்து சதவீதம் போலக் காரீயம். எங்காவது காற்றுக்குமிழி ஒட்டியிருந்து கணக்கு பிசகியிருந்தாலும் அது விற்றவருக்குச் சாதகமாகத்தான் பிசகும். குமிழி இருந்தால் உலோகத்தின் அளவு கூடுதலாகத் தெரிந்து, அடர்த்தி குறைவாகத்தான் காட்டும்.

ஆனால் 7.3 வந்துவிட்டது என்பதற்காக நிம்மதியாக ரசம் வைத்துவிடாதீர்கள். ஐந்து சதவீதம் காரீயம் கலந்திருந்தால் அடர்த்தி 7.4 மட்டுமே வரும், வீட்டுத் தராசுக்கு அது பிடிபடாது. துத்தநாகம் மாதிரி லேசான உலோகத்தையும் கூடவே சேர்த்துச் சரிக்கட்டலாம். கலப்படம் அப்பட்டமாக இருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். வெள்ளைத் துணியில் தேய்த்துக் கருப்பு வருகிறதா பாருங்கள் என்று வாட்ஸாப்பில் ஒரு சோதனை சுற்றுகிறது. அதை நான் நம்பமாட்டேன். இரண்டு உலோகமுமே மென்மையானவை, பாலிஷ் அழுக்கும் ஒட்டும். வெள்ளீயத்தை வளைத்தால் கிறீச்சென்று சத்தம் வரும் என்பது உண்மைதான், ஆனால் சொம்பை யார் வளைத்துப் பார்ப்பது?

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் எக்ஸ்ரே பாய்ச்சி எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டும் எக்ஸ்ஆர்எஃப் என்ற கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் ஃபவுண்டரிகளுக்குப் பஞ்சமில்லை என்பதால் உலோகம் சோதிக்கும் கூடங்களுக்கும் பஞ்சமில்லை. நான் போன கூடத்தில் இருந்த பையன் துப்பாக்கி மாதிரி ஒன்றைச் சொம்பின் வயிற்றில் வைத்து அழுத்தினார், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெள்ளீயம் 53, காரீயம் 44, மீதி ஆன்டிமனி, செம்பு இத்யாதி. சொம்புக்குக் கீறல்கூட விழவில்லை. "இது சாலிடர் கம்பி உருக்கின மாதிரி இருக்குதுங்களே" என்றார் அந்தப் பையன். வெள்ளீயமும் காரீயமும் கலந்த, பற்றவைக்கும் கம்பியைத்தான் சொன்னார். போகும்போது NABL (பரிசோதனைக் கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள கூடமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், புகார் கொடுக்கும்போது அந்த ரிப்போர்ட்டுக்குத்தான் மதிப்பு.

அந்தச் சொம்பில் அதற்குள் சில தடவை ரசம் வைத்தாகிவிட்டது. ருசியில் எந்த வித்தியாசமும் இல்லை, நன்றாகவே இருந்தது. இதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. காரீயம் நாக்குக்குத் தெரியாது. வினிகரில் இருக்கும் அமிலத்தோடு சேர்ந்து அது உண்டாக்கும் உப்பு இனிக்கவே செய்யும். பழைய ரோமாபுரியில் திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சி இனிப்புக்குப் பயன்படுத்தினார்கள். நம் ரசத்தில் புளி, தக்காளி, சில நேரம் எலுமிச்சை, எல்லாம் புளிப்பு. அதைச் சுடச்சுடக் கொதிக்க விட்டால் காரீயம் கரைந்து இறங்க வேறென்ன வேண்டும்?

இவ்வளவு வரை பரவாயில்லை என்று காரீயத்துக்கு ஓர் அளவே கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதே அளவு உள்ளே போனாலும் குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எலும்பிலும் பல்லிலும் போய்த் தங்கிவிடும், கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து இரத்தத்துக்கு வந்து வயிற்றுப் பிள்ளையையும் தொடும். ரசம் சாதம் பிசைந்து ஊட்டும் வீடுகளில் இந்தச் சொம்பு இருந்தால் இன்றே எடுத்து ஓரமாக வையுங்கள். ரொம்ப நாள் புழங்கியிருந்தால் டாக்டரிடம் சொல்லி இரத்தத்தில் காரீய அளவு பார்க்கும் டெஸ்ட் எடுங்கள். நாங்கள் எடுத்தோம், பயப்படும்படி ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

ரிப்போர்ட்டை அந்தப் பக்கத்துக்கு அனுப்பியதும் பேச்சே மாறியது. முதலில் அவர்களும் ஒரு சர்டிஃபிகேட் அனுப்பினார்கள், 99 சதவீதத்துக்கு மேல் வெள்ளீயம் என்று முத்திரையோடு. பெரிதாக்கிப் படித்தேன். மாதிரியின் பெயர் என்ற இடத்தில் "உலோகக் கட்டி" என்று இருந்தது. அடியில் பொடி எழுத்தில், கொண்டுவந்து கொடுத்த மாதிரிக்கு மட்டுமே இந்த முடிவு பொருந்தும் என்று. ஒரு நல்ல கட்டியைச் சோதித்து வாங்கிய சீட்டை ஊரில் உள்ள சொம்புக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் அடுத்த அம்பு வந்தது: "பில்லைப் பாருங்க மேம், அது டெக்கர் ஐட்டம். குக்கிங்குக்குன்னு நாங்க பில் போடலையே." பில்லை எடுத்துப் பார்த்தால் உண்மைதான். "ஹோம் டெக்கர், மெட்டல் பாட்." விளம்பரத்தில் ரசம் கொதிக்கிறது, பில்லில் அது ஷோகேஸ் பொம்மை. கமெண்டில் எழுதினேன், அழித்தார்கள். திரும்ப எழுதினேன், பிளாக் செய்துவிட்டார்கள்.

1915க்கு அடித்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்த பிறகுதான் வேறொரு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. சொம்பைத் திருப்பி அனுப்பினால் பணம் தருகிறோம் என்றார்கள். மாட்டேன் என்றேன். துடைத்து, பாலிஷ் போட்டு, இன்னொரு வீட்டுக்கு அனுப்புவார்கள். அதுவும்போக, என் கையில் இருக்கும் சாட்சியே அதுதான். அதன் பிறகுதான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளம் வழியாகப் புகார் பதிந்தேன். ஐந்து லட்சத்துக்குள் உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமும் இல்லை. ஆன்லைனில் விற்பவர் தன் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர்ப்பு அலுவலர் விவரம் எல்லாம் வெளிப்படையாகப் போட வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று 2020ல் வந்த மின்வணிக விதிகள் சொல்கின்றன. இந்தப் பக்கத்தில் இருந்தது ஒரு வாட்ஸாப் எண்ணும் ஒரு யூபிஐ ஐடியும் மட்டும். வாங்கும் முன் நீங்கள் முதலில் தேட வேண்டியது அந்த முகவரியைத்தான்.

எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கி 2024 மார்ச்சில் மத்திய அரசு உத்தரவு போட்டது. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை பிஐஎஸ் கேர் என்ற அரசு ஆப்பில் அடித்துப் பார்க்கலாம். ஈயச் சொம்பு அந்த உத்தரவில் வராது. அதனால் ஐஎஸ்ஐ இருக்கிறது என்று யாராவது சொம்பைக் காட்டினால் இன்னும் உஷாராகுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசக் கொடுப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. வெள்ளீயத்துக்குப் பதில் சாலிடரை உருக்கிப் பூசினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பழைய சொம்பு ஒழுகுகிறது என்று பற்றவைக்கக் கொடுப்பதும் அப்படித்தான், சாதாரண சாலிடரில் காரீயம் இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஈயச் சொம்பு ரசம்தான் வேண்டும் என்பவர்களை நான் தடுக்கவில்லை, மாமி வீட்டு ரசத்தைக் குடித்தவள் தடுக்கவும் முடியாது. நேரில் போய், நிரந்தரமாக இருக்கும் கடையில் வாங்குங்கள். விலை குறைவாக இருந்தால் எடையைப் போட்டு வெள்ளீயத்தின் அன்றைய விலையோடு பெருக்கிப் பாருங்கள். பில்லில் "வெள்ளீயம், காரீயம் இல்லை, சமையலுக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டாவது எழுதித் தருவார். எழுதித் தர மாட்டேன் என்றால் சொம்பை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.